பழுது யார் கணக்கில்? மருத்துவக் கருவிகளும் மாற்றுத்திறனாளிகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்தப்பட்ட எழுத்து வடிவம்)



மறுவாழ்வுப் பொறியியல் கற்பிக்கும் என்னை இந்த மேடைக்கு அழைத்து, பொருளை என் விருப்பத்துக்கே விட்டீர்கள். மருத்துவக் கருவிகளை மாற்றுத்திறனாளிகள் எந்த அளவுக்குப் பயன்படுத்த முடிகிறது, அதை எப்படி மதிப்பிடுவது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதருக்கும் ஒரு கருவிக்கும் இடையே ஒரு வேலை நடக்காமல் போகும்போது, அந்தத் தோல்வியை நாம் மனிதரின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அதைக் கருவியின் கணக்கில் எழுதக் கற்றுக்கொள்வதுதான் மதிப்பீடு. கேள்வித்தாள், கடிகாரம், புள்ளியியல் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. இந்தக் கருத்தை ஏழு கூறுகளாக உங்கள் முன் வைக்கிறேன்.

1. எடை எடுக்கப்படாத நோயாளி

வெளிநோயாளர் பிரிவில் பெரும்பாலும் முதல் வேலை எடை பார்ப்பது. எடை மெஷின் என்பது ஏறி நிற்பதற்கான ஒரு சிறு பலகை. சக்கர நாற்காலியில் வந்தவரைப் பார்த்ததும் செவிலியர், "வெயிட் எவ்வளவு இருப்பீங்க?" என்று கேட்கிறார். விபத்துக்கு முன்னால் எப்போதோ பார்த்த ஓர் எண்ணை அவர் சொல்கிறார். அந்த எண்ணே சீட்டில் ஏறுகிறது. அவருக்கு எண் நினைவில்லை என்றால், "நோயாளியால் நிற்க இயலவில்லை, எடை எடுக்கப்படவில்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படுகிறது.

அந்த வரியை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றி எடை பார்க்கும் தள மெஷின் உலகில் உண்டு. நாற்காலியின் எடையைத் தனியே எடுத்துக் கழித்துக்கொண்டால் வேலை முடிந்தது. அந்த மெஷின் அங்கே இல்லை என்பதுதான் நடந்த உண்மை. கேஸ் ஷீட்டில் பதிவாகியிருப்பதோ நோயாளியின் கால்களைப் பற்றிய குறிப்பு.

எடை தெரியாமல் போனால் என்ன ஆகிவிடும் என்று யாரும் கேட்கமாட்டீர்கள். மயக்க மருந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், பல புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றின் அளவு எடையை ஒட்டியே முடிவாகிறது. தண்டுவடம் அடிபட்டவருக்குத் தசை கரையும். பிறகு கொழுப்பு கூடும். பழைய எடை அவருக்குப் பொருந்தாது.

பரிசோதனை மேசையின் கதையும் இதுவே. உயரத்தை மாற்ற முடியாத வழக்கமான மேசை ஏறத்தாழ 32 அங்குல உயரம். சக்கர நாற்காலியின் இருக்கை பெரும்பாலும் 20 அங்குலத்துக்கும் கீழே. இடையில் ஓரடிக்கு மேல் ஏற்றம். எனவே மருத்துவர் நாற்காலியில் இருந்தபடியே பார்த்து அனுப்பிவிடுகிறார். உட்காரும் இடத்தில் புண் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வழியே இல்லை. உணர்ச்சி அற்ற உடலில் அழுத்தப்புண் வலிக்காது. கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பார்க்காமல் விட்ட புண் எலும்பு வரை போகும். அது உயிரைப் பறிக்கக்கூடியது.

2. தரவிதிகள் நம் பக்கமே நிற்கின்றன

பயன்படுதிறன் என்பதற்கு ஐஎஸ்ஓ 9241 தரவிதியின் 11ஆம் பகுதி தரும் விளக்கம் தெளிவானது. குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட நோக்கங்களைச் சரியாகவும் வீண் சிரமமின்றியும் மனநிறைவோடும் நிறைவேற்ற முடிகிற அளவே பயன்படுதிறன். யார், எங்கே, எதற்காக என்று சொல்லாமல் "இந்தக் கருவி எளிமையானது" என்று சொன்னால் அதற்குப் பொருளே கிடையாது.

மருத்துவக் கருவிகளுக்கென்றே உள்ள ஐஇசி 62366-1 என்ற 2015ஆம் ஆண்டுத் தரவிதி இன்னொரு படி மேலே போகிறது. கருவியைக் கையாளும்போது நேரும் பிழையைப் பயனர் தலையில் கட்டிவிட்டு அது நகர்வதில்லை. திரை, பொத்தான், ஒலி, குறிப்பேடு, சுற்றுச்சூழல் என எல்லா இடத்திலும் காரணத்தைத் தேடச் சொல்கிறது. வடிவமைக்கும்போதே இடையிடையே சோதிக்க வேண்டும். முடிவில் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்கிறது.

ஆக, நான் முன்வைக்கும் கருத்தைத் தரவிதிகள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டன. ஆனால் "குறிப்பிட்ட பயனர்கள்" என்ற இடத்தை நிரப்பும்போது, உற்பத்தியாளர் தமக்குத் தெரிந்தவர்களை மட்டும் எழுதிக்கொள்கிறார்: பயிற்சி பெற்ற செவிலியர், வீட்டில் இருக்கும் வயது வந்த நோயாளி. அந்த நோயாளிக்குப் பார்வை உண்டு, செவி உண்டு, இரண்டு கையும் உண்டு என்பது எழுதப்படாமலே அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

3. யாரை அழைத்துச் சோதிப்பது

பயன்படுதிறன் ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வை மாணவர்கள் படித்திருப்பீர்கள். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஏறத்தாழ 85 விழுக்காடு குறைகள் தெரிந்துவிடும் என்ற விதி அதிலிருந்து பரவியது. ஒவ்வொரு குறையும் சராசரியாக மூன்றில் ஒருவருக்கு இடறும் என்ற கணக்கின்மேல் நிற்கும் விதி அது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருத்துவக் கருவிகளின் இறுதிச் சோதனைக்கு ஒவ்வொரு பயனர் குழுவிலும் குறைந்தது 15 பேர் வேண்டும் என்கிறது.

இதை நம் மக்கள்தொகையில் வைத்துப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர், மொத்தத்தில் 2.21 விழுக்காடு. தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர். எந்தத் தெரிவும் செய்யாமல் 15 பேரை அழைத்தால், அவர்களில் ஒரு மாற்றுத்திறனாளிகூட இல்லாமல் போக நூற்றுக்கு 71 வாய்ப்பு உண்டு. ஐந்து பேரை அழைத்தால் நூற்றுக்கு 89. தப்பித்தவறி ஒருவர் வந்துவிட்டாலும், பார்வையற்றவர், காது கேளாதவர், கை நடுங்குபவர் என்ற வரிசையில் அவர் ஒரே ஒரு வகையைச் சேர்ந்தவராகத்தான் இருப்பார். உலக சுகாதார நிறுவனம் விரிந்த வரையறையில் ஆறில் ஒருவரை மாற்றுத்திறனாளி என்கிறது. அந்தக் கணக்கை எடுத்தாலும் ஒவ்வொரு வகையும் தனித்தனியே அரிதுதான்.

எனவே தற்செயலை நம்பிப் பயனில்லை. பார்வை, செவி, கைப்பிடி, நிற்றல், தொடுவுணர்வு, நினைவும் புரிதலும் என்று திறன்களை வரிசைப்படுத்தி, கருவி எந்தத் திறனைக் கேட்கிறதோ அந்தத் திறன் குறைந்தவர்களைத் தனிக் குழுவாக அழைக்க வேண்டும்.

"மருத்துவரைக் கேட்டால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். ஹார்வர்டில் பணியாற்றும் லிசா அயெசோனி ஒரு மருத்துவப் பேராசிரியர். தாமே சக்கர நாற்காலியில் இயங்குபவர். அவரும் குழுவினரும் அமெரிக்க மருத்துவர்கள் 714 பேரிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. கடும் குறைபாடு உள்ளவர்களின் வாழ்க்கைத் தரம் மற்றவர்களுடையதைவிட மோசமானது என்று அதில் 82.4 விழுக்காட்டினர் கருதினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்கு நிகரான சிகிச்சை தர முடியும் என்று உறுதியாகச் சொன்னவர்கள் 40.7 விழுக்காட்டினர்தான். இப்படி எண்ணும் ஒருவர், மாற்றுத்திறனாளிக்கு எது முடியும், எது முடியாது என்று அவர் சார்பில் எப்படிச் சொல்வார்? பார்வையுள்ள பொறியாளரின் கண்ணைக் கட்டிச் சோதிப்பதும் இதற்கு ஈடாகாது. பல ஆண்டுப் பழக்கத்தில் விரலும் செவியும் கற்றுக்கொண்டதைக் கண்ணைக் கட்டிய அரை மணி நேரம் தராது.

4. எதை அளப்பது

ஒரு காட்சியைக் கிட்டே நின்று பார்ப்போம். நீரிழிவால் பார்வை மங்கிய ஒருவர் இன்சுலின் பேனாவைக் கையில் எடுக்கிறார். மூடியைக் கழற்றுகிறார். ஊசியின் முத்திரைத் தாளை உரிக்க வேண்டும். அதன் சிறு நாக்கு மரத்துப்போன விரலுக்குத் தட்டுப்படவில்லை. பல்லால் கடித்து இழுக்கிறார். அளவைத் திருகுகிறார். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு "டிக்". பன்னிரண்டு வேண்டும், வாய்விட்டு எண்ணுகிறார். ஒன்பதாவதில் தெருவில் ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது. எண்ணிக்கை தவறிவிட்டது. பின்னோக்கித் திருகினாலும் அதே "டிக்" ஒலிதான். இப்போது எந்த எண்ணில் நிற்கிறோம் என்று விரலால் தடவி அறிய வழியில்லை. அவர் திருகியைப் பின்னோக்கி முட்டும்வரை கொண்டுபோகிறார். முட்டும் இடம் பூஜ்யம் என்பது அவருக்குத் தெரியும். அங்கிருந்து மறுபடி எண்ணிப் பன்னிரண்டில் நிறுத்திப் போட்டுக்கொள்கிறார்.

வழக்கமான மதிப்பீட்டில் இதை என்னவென்று பதிவுசெய்வோம்? "பணி நிறைவேறியது." பயன்படுதிறனை அளக்க ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்துக் கேள்வி அளவுகோலைக் கொடுத்தால், பழகிய கருவி என்பதால் அவர் நல்ல மதிப்பெண்ணே போடுவார். அவர் எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் எல்லாருடைய சராசரியிலும் கரைந்துவிடும். பேனாவின் குறிப்புத்தாளிலோ, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பயிற்சி பெற்றவர் துணையின்றிப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை பல இடங்களில் இருக்கிறது. கண்ணைப் பாதிக்கும் நோய்க்கான கருவி, கண் பாதிக்கப்பட்டவர் தொடக்கூடாது என்கிறது. ஐசிஎம்ஆர் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வின்படி, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி பேர். 2023இல் வெளியான எண் இது. அவர்களில் பலருக்குக் காலப்போக்கில் கண்ணும் விரல் உணர்வும் குறையும். இவர்கள் அந்தக் கருவியின் நடுநாயகமான பயனர்கள்.

ஆகவே "முடிந்தது, முடியவில்லை" என்ற இரண்டு கட்டங்கள் போதாது. வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். தனியாகச் செய்தாரா? செய்தது சரியா என்று தாமே அறிந்துகொள்ள முடிந்ததா? தவறினால் திரும்பி வர வழி இருந்ததா? வலியோ கூச்சமோ அச்சமோ இல்லாமல் செய்தாரா? நான் விவரித்த மனிதர் முதல் கேள்வியில் தேறினார். இரண்டாவதில் கருவி தோற்றது. மூன்றாவதில் வழி இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். பல்லால் கடித்தது நான்காவதில் பதிவாக வேண்டும்.

இதே கேள்விகளோடு எக்ஸ்ரே அறைக்குள் போங்கள். நெஞ்சுப் படத்துக்கு நோயாளி மார்பைப் பலகையில் ஒட்டி, முகத்தை அந்தப் பக்கம் வைத்து நிற்கிறார். டெக்னீஷியன் பின்னால் தடுப்புக்கு அப்பால் நின்று, "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க" என்கிறார். காது கேளாதவருக்கு உதட்டசைவும் தெரியாது, சைகையும் தெரியாது. படம் மங்கலாக வந்தால், "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று பதிவாகிறது. பலகைக்கு மேலே பச்சையும் சிவப்புமாக இரண்டு விளக்குகள் இருந்திருந்தால் அவர் ஒத்துழைத்திருப்பார்.

5. கருவிக்குள் ஒளிந்திருக்கும் உடல்

கைப்பிடியையும் உயரத்தையும் கண்ணால் பார்த்துவிடலாம். கருவியின் மென்பொருளுக்குள் எழுதப்பட்டிருக்கும் எண்கள் கண்ணுக்குத் தெரியாதவை. கழுத்திலோ மேல்முதுகிலோ, ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய வழக்கமான மேல் ரத்த அழுத்தம் 90 முதல் 110 வரைதான் இருக்கும். சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டாலோ மலம் இறுகினாலோ அவருடைய அழுத்தம் திடீரென்று ஏறக்கூடும். தம் இயல்பு அளவைவிட 20 முதல் 40 வரை ஏறினாலே அது அவசர நிலை. கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம்.

இப்போது மானிட்டரைப் பாருங்கள். வழக்கம் 100 உள்ளவருக்கு 135 என்று காட்டுகிறது. பெரியவர்களின் பொது அளவுக்கு வைத்த அலாரம் பேசாமல் இருக்கிறது. தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது என்று அவர் சொன்னால், "பி.பி. நார்மலாத்தான் இருக்கு" என்ற பதில் வருகிறது. அலாரம் எல்லையை ஆளுக்கு ஏற்ப மாற்றும் வசதி பல மானிட்டர்களில் உண்டு. அந்த வசதி எத்தனை திரைகளுக்குப் பின்னால் இருக்கிறது, இரவுப் பணியில் தனியாக இருக்கும் செவிலியர் அதைக் கண்டுபிடித்து மாற்றுகிறாரா என்பதைச் சோதிப்பதும் மாற்றுத்திறனாளிகளுக்கான மதிப்பீட்டில் அடங்கும்.

6. இயக்குபவரும் பயனரே

மாற்றுத்திறனாளி என்றாலே நோயாளி என்று எண்ணும் பழக்கத்தை நம் தமிழ்நாட்டு வரலாறே மறுக்கிறது. வேலூரில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். அதன் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடி செய்ய முடியும் என்பதால் அந்தத் துறை அவருக்குத் திறந்தது. பிறகு மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அந்தத் துறையையே வளர்த்தெடுத்தார். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மேசையின் உயரமும் கருவியின் எட்டும் தூரமும் ஒரு மருத்துவரின் வாழ்க்கையை எவ்வளவு தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைபாட்டின் விழுக்காட்டை மட்டும் காட்டி ஒருவருக்கு எம்.பி.பி.எஸ். இடத்தை மறுக்கக் கூடாது என்றது. அந்த மாணவர்கள் வார்டுக்குள் வருவார்கள். அவர்கள் கைக்கும் கருவிகள் பொருந்த வேண்டும்.

குறைபாடு ஏதும் இல்லாத ஊழியரின் முதுகையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் 35 பவுண்டுக்கு, அதாவது 16 கிலோவுக்கு, மேல் தூக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2007இல் வகுத்த வரம்பு. 60 கிலோ உள்ள ஒருவரை இரண்டு வார்டு ஊழியர்கள் மேசைக்குத் தூக்கினால் ஆளுக்கு 30 கிலோ. வரம்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. தாழ இறங்கும் மேசை நோயாளியின் கண்ணியத்தையும் ஊழியரின் முதுகெலும்பையும் ஒருசேரக் காக்கிறது.

7. அளந்ததைச் சட்டமாக்குவது, சட்டத்தைக் கொள்முதலாக்குவது

மதிப்பீடு ஆய்வறிக்கையோடு நின்றுவிட்டால் பயனில்லை. அமெரிக்காவில் 2000இல் சக்கர நாற்காலியில் இயங்கும் மூவர் ஒரு பெரிய மருத்துவ நிறுவனத்தின்மேல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். மேசையில் ஏற்றிப் பரிசோதிக்கவில்லை, எடை பார்க்கவில்லை என்பவை அவர்களின் குறைகளில் முக்கியமானவை. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் கருவிகளை மாற்ற ஒப்புக்கொண்டது. அந்நாட்டு அணுகல் வாரியம் 2017இல் நோயறி கருவிகளுக்கான தரவிதியை வெளியிட்டது. மேசை எவ்வளவு தாழ இறங்க வேண்டும் என்பதில் அப்போது முடிவு எட்டப்படவில்லை. 17 முதல் 19 அங்குலத்துக்குள் என்று விட்டுவைத்தார்கள். சக்கர நாற்காலிகளின் இருக்கை உயரத்தை அளந்த ஆய்வுகளை வைத்து விவாதித்து, 2024இல் 17 அங்குலம் என்று உறுதி செய்தார்கள். இரண்டு அங்குலத்துக்கு ஏழு ஆண்டு வாதம். அந்த இரண்டு அங்குலத்தில்தான் பலர் தாமே நகர்ந்து மேசைக்குப் போவதும், பிறர் தூக்கிப் போடுவதும் முடிவாகிறது.

நம் நாட்டில் சட்டம் வலுவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகல் வேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் நம் பேச்சு சாய்தளத்தோடும் கழிப்பறையோடும் நின்றுவிடுகிறது. சாய்தளம் நோயாளியைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும். சிகிச்சை தொடங்குவது கருவியின் அருகில்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளையும் கருவிகளையும் ஒரே இடத்திலிருந்து வாங்குகிறது. பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய அமைப்பு அது. டெண்டர் விவரக்குறிப்பில் எழுதும் ஒரு வரி, நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேரும்.

அதனால் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவது, நோயாளி தொடும் எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன், மாற்றுத்திறனாளிகள் குழுவைக் கொண்டு சோதித்த அறிக்கையை உற்பத்தியாளரிடம் கேட்க வேண்டும். சோதிப்பவர்களுக்கு உரிய ஊதியம் தர வேண்டும்; அது நிபுணத்துவம். இரண்டாவது, கேஸ் ஷீட்டில் "நோயாளியால் இயலவில்லை" என்று எழுதும் இடத்தில், எந்தக் கருவி இல்லாததால் அல்லது எந்தக் கருவி பொருந்தாததால் என்று எழுதும் ஒரு கட்டம் வேண்டும். ஆண்டு முடிவில் அந்தக் கட்டங்களைக் கூட்டினால் அடுத்த ஆண்டின் கொள்முதல் பட்டியல் தானே கிடைத்துவிடும். மூன்றாவது, உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் தம் இறுதியாண்டுத் திட்டத்தை மாற்றுத்திறனாளிகள் முன்னிலையில் சோதித்த பிறகே சமர்ப்பிக்க வேண்டும்.

செலவாகுமே என்ற கேள்வி எழும். எல்லா மேசையையும் இன்றே மாற்றச் சொல்லவில்லை. அமெரிக்க நீதி அமைச்சகத்தின் 2024 விதிகூடப் பொதுவாகக் கருவிகளில் பத்தில் ஒரு பங்கைத்தான் கேட்கிறது. குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒரு தள எடை மெஷின், தாழ இறங்கும் ஒரு மேசை, எக்ஸ்ரே அறையில் இரண்டு விளக்குகள் என்று தொடங்கலாம். இவை இல்லாததன் செலவை இன்றும் யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்: தவறிய மருந்தளவாக, முற்றிய புண்ணாக, பாதியில் நின்ற பரிசோதனையாக. அந்தச் செலவை மாற்றுத்திறனாளிகள் தம் உடலால் கட்டிவருகிறார்கள். மருத்துவமனையின் கணக்கேட்டில் அது வருவதில்லை என்பதால் மலிவு என்று நாம் எண்ணிக்கொள்ளக் கூடாது.

வாங்குகிறவர்களும் வடிவமைக்கிறவர்களும் சிகிச்சை தருகிறவர்களும் இந்த அரங்கில் ஒன்றாக இருக்கிறீர்கள். மூன்று கோரிக்கைகளில் எது உங்கள் கையில் இருக்கிறதோ அதை இந்த ஆண்டே தொடங்குங்கள்.